மாடு எந்தக் கடப்பால் வரும்

பிள்ளையார் துணை

மருதடித்துறை,
பழுகாமம் வழி.
2003 புரட்டாதி 14

கனடாவில் குளிருக்குள் குடியிருக்கும் என் அன்பு மருமகன் நல்லரத்தினத்துக்கு, மாமன் இளையதம்பி, முன்னாள் வட்டை விதானை, சொல்லி எழுதுவிப்பது.

இங்கே நானும், உன் மச்சாள் கண்ணகையும், அவளுடைய மூத்தவளும், இரண்டு எருமையும், ஒரு வெள்ளை நாகு கன்றும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் பிள்ளைகளும் காதை மூடித் தொப்பி போட்டுக் கொண்டு சுகமாயிருக்க வேண்டும். இதை எழுதுகிறவள் கண்ணகை. அவள் பள்ளியில் தமிழ் படிப்பிக்கிறவளானபடியால் என் வாயில் வருவதைக் கழுவித் துடைத்துத்தான் தாளில் வைப்பாள். ஆனால் ஆட்கள் கதைத்ததைக் கதைத்தபடியே எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் யார் வீட்டுப் பானை யார் வளவில் போய் ஒதுங்கியது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். அது உனக்குத் தெரியும்.

விசயம் என்னவென்றால், போன கிழமை கண்ணகை அக்கரைக்குப் போய், களுவாஞ்சிகுடியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் உங்கள் இன்டர்நெற் ஊர் ஒன்றியத்தில் எழுதப்பட்டவற்றைத் தாளில் அடித்துக் கொண்டு வந்தாள். முப்பத்தேழு தாள். இரண்டு பின்னேரம் இருந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். நம்முடைய சனம் பதினொரு நாட்டில் இருக்கிறதென்பதும், அத்தனை பேரும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குந்திக் கொண்டு ஊரைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பதும் எனக்குச் சந்தோசம். நீதான் அந்த யோசனையை முதலில் வைத்திருக்கிறாய். வாவியைக் கடந்து நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக எஞ்சின் பூட்டிய போட் ஒன்று, அதற்கு உன் அம்மா, என் தங்கச்சி, அன்னப்பூரணியின் பெயர். அதற்குக் கீழே வந்த கடிதங்களை நான் விரல் மடித்து எண்ணினேன். அறுபத்துமூன்று. அதில் முப்பது, 'நல்ல யோசனை' என்று மட்டும். பன்னிரண்டில் எழுத்தே இல்லை, இரண்டு புள்ளியும் ஒரு வளைந்த கோடும்தான். கண்ணகை அது சிரிப்பு என்கிறாள். போட் நீலமா வெள்ளையா என்று பதினொரு கடிதம். பெயரை இடப்பக்கம் எழுதுவதா வலப்பக்கம் எழுதுவதா என்று ஐந்து. மிச்சம் ஐந்தில் ஒன்று, நோர்வேயில் தாதியாக இருக்கிற நம்முடைய கோயிலடிச் சீதேவிப்பிள்ளை எழுதியது. ஒரே வரி. 'போட்டை யார் ஓட்டுவார், எண்ணெய் யார் கொண்டு வருவார்?' மற்ற நாலும் அவளுக்கு விழுந்த ஏச்சு. ஊர் முன்னேறுவது பொறுக்காதவள் என்று ஒருவர். முதலில் போட் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒருவர். நாலாவது நீ எழுதியது. 'அக்கா, நல்ல காரியம் தொடங்கும்போது தடங்கலாகக் கதைக்க வேண்டாம்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு வந்த தாள்களில் சீதேவிப்பிள்ளையின் பெயரைக் காணவில்லை. கண்ணகை மேலும் கீழும் தேடிப் பார்த்தாள்.

மருமகன், போன வருசம் நீங்கள் அனுப்பிய கம்பியூட்டர் பற்றி நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். அது சுகமாயிருக்கிறது. கெடவில்லை. ஒரு நாளும் ஓடாதபடியால் கெடுவதற்கு வழியில்லை. கம்பியூட்டர் வந்து விட்டது, கரண்ட் இன்னும் வரவில்லை. வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில், நமக்குக் கரண்ட் இல்லை என்பது அந்த ஒன்றியத்தில் ஒருவருக்கும் தெரியாத விசயம் அல்ல, எல்லாரும் குப்பி விளக்கில் படித்துத்தான் வெளிநாடு போனவர்கள். ஆனால் அந்த நேரத்தில் ஒருவருக்கும் அது வாயில் வரவில்லை. அதை வாசிகசாலை மேசையில் வைத்துப் பூப்போட்ட துணியால் மூடியிருக்கிறோம். நவராத்திரிக்குச் சந்தனம் வைக்கிறோம். உங்களுக்கு அனுப்பிய படத்தில் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, திரையில் வெளிச்சம் தெரிகிறதே, அது எதிரில் உள்ள யன்னல். இதை எழுத வேண்டாம் அப்பா, அவர்களுக்கு மனம் நோகும் என்று கண்ணகை பேனையை வைத்து விட்டாள். நான் தேத்தண்ணி குடித்து முடியும் வரை பொறுத்திருந்தேன், மறுகா எடுத்தாள்.

நான் உன்னைக் குறை சொல்ல எழுதுவிக்கவில்லை. பதினெட்டு வருசம் வட்டை விதானையாக இருந்தவன் என்கிற முறையில் ஒரு வழி சொல்ல எழுதுவிக்கிறேன். நம்முடைய வயல் எல்லாம் ஒரே வட்டை, சுற்றிவர ஒரே வேலி, அந்த வேலியில் ஒவ்வொரு வயல்காரனுக்கும் ஒரு பங்கு. ஒருவன் தன் பங்கை அடைக்காமல் விட்டால் கட்டாக்காலி மாடு அவன் வயலை மட்டும் தின்று விட்டுப் போகாது. அதனால் விதைப்புக்கு முன்னால் கூட்டம் கூட்டுவோம். ஆனால் நம்முடைய ஆட்களுக்கு ஒரு குணம், நல்ல காரியத்துக்கு முன்னால் கெட்ட சொல் சொல்ல மாட்டார்கள். கோயில் முன்றலில் இருத்தி வைத்துக் கேட்டால், பிள்ளையார் பார்த்துக் கொள்வார், இந்த முறை நன்றாகப் பொலியும் என்பார்கள், எழும்பி வேட்டியைத் தட்டிக் கொண்டு போவார்கள், தையில் மாடு கதிருக்குள் நிற்கும். ஆகையால் எனக்கு முந்தின விதானைமார் காலத்திலிருந்தே இரண்டு கூட்டம். முதல் கூட்டம் வட்டைக்கு வெளியே, கோயிலுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு, பிள்ளையார் காதில் விழாத தூரத்தில். அங்கே விதானை எழும்பி நின்று சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான். “வெள்ளாமை போச்சு. மாடு திண்டு போட்டுது. எந்தக் கடப்பால வந்தது?” கடப்பு என்றால் வேலியில் உள் நுழைகிற வாசல், உனக்கு மறந்திருக்காது, உன் பிள்ளைகளுக்குச் சொல். நடந்து முடிந்த விசயத்தைக் கேட்பது போலத்தான் கேட்க வேண்டும். மாடு வருமா என்று கேட்டால் வராது என்பார்கள். வந்து விட்டது, எதனால் என்று கேட்டால் ஒவ்வொருவனுக்கும் பக்கத்துக்காரனுடைய வேலி ஞாபகம் வரும்.

“என்ட பக்கத்தால வரல்ல விதானையார். கந்தப்போடியார்ட பங்குல ரெண்டு கட்டை உக்கிக் கிடக்கு, அதாலதான் வந்திருக்கும்.”

“ஓ, உன்ட பங்குல மாட்டுக்குக் கண் தெரியாதாக்கும். நீ நட்ட கட்டையில காகம் குந்தினாலே சாயுது.”

“நீங்க ரெண்டு பேரும் அடிபடுங்க. கடப்ப இழுத்துச் சாத்தாமப் போனது விதானையார்ட சின்ன மகள்தான், நான் கண்டனான்.”

அந்தச் சின்ன மகள்தான் இப்போது இதை எழுதிக் கொண்டிருப்பவள். அப்படி எல்லாருடைய ஓட்டையும் வெளியில் வந்த பிறகு வாய்க்காலில் கால் கழுவிக் கொண்டு கோயிலுக்குப் போவோம். அங்கே இரண்டாவது கூட்டம், அதில் நல்ல சொல் மட்டும். உங்கள் ஒன்றியத்தில் இந்த இரண்டாவது கூட்டம் மட்டும்தான் நடக்கிறது மருமகன். முதல் கூட்டத்துக்கு வந்த ஒரே ஆள் சீதேவிப்பிள்ளை. அவளைக் கலைத்து விட்டீர்கள்.

சரி, அந்தக் கூட்டத்தை நானே தனியாக நடத்திப் பார்ப்போம் என்று புறப்பட்டேன். போட் வந்து ஆறு மாதம் ஆகி விட்டது, கரையில் கவிழ்ந்து கிடக்கிறது, அதற்குக் கீழே கோழி அடை கிடக்கிறது என்று மனத்தில் வைத்துக் கொண்டேன். எந்தக் கடப்பால் மாடு வந்தது? முதலில் எஞ்சின். காத்தான்குடி உசனாரை உனக்கு ஞாபகம் இருக்கும், முன்பு நம்முடைய வட்டைக்கு உழவு மெசின் திருத்த வருவாரே, அவர் இப்போது போட் எஞ்சின்களும் பார்க்கிறார். தோணியில் கடந்து, பஸ்சில் தொங்கிக் கொண்டு அவருடைய பட்டறைக்குப் போனேன்.

“வாங்க விதானையார், இரிங்க. கண்டு எத்தின வருசம்” என்று கதிரையைத் துடைத்து விட்டார்.

“கனடாவில இருந்து எங்களுக்குப் போட் வருகுது உசனார். எஞ்சின் கெட்டா ஆர் பார்க்கிற?”

“நான் பாப்பன். கொண்டு வாங்க.”

“எதில கொண்டு வாற?”

“போட்டுலதான்.”

“போட்தானே கெட்டுக் கிடக்கு.”

உசனார் கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்தார். “அப்ப வினாயகமூர்த்திர தோணில கட்டி இழுத்துட்டு வாங்க. தண்ணியில படர்ந்து கிடக்கிற ஆத்துவாழைக்குள்ள பாத்து இழுங்க, எஞ்சின் விசிறி அதுல சிக்கினா மறுகா தோணியையும் இழுக்க ஆள் தேடணும்.”

“நீ ஒருக்கா அங்கால வந்து பாத்தா என்ன?”

அவர் கையிலிருந்த எண்ணெயை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “தொண்ணூறில உங்கட ஆக்களுக்கும் எங்கட ஆக்களுக்கும் இடையில நடந்ததுக்குப் பிறகு நான் அங்கால வரல்ல விதானையார். வரப்படாதெண்டு இப்ப ஒருத்தரும் சொல்லல்ல. கால் வருகுதில்ல.” பிறகு எனக்கு ஒரு தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார். அதைக் குடிக்கும் போது நாங்கள் எஞ்சினைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்தது எண்ணெய். அக்கரையில் காவல்நிலையில் நிற்கிறவர்களுக்கு ஒரு கடிதம் கொடுத்து, கலனோடு வரிசையில் நின்று, எதற்கு என்று கேட்டால் நோயாளருக்கு என்று சொல்லி, நோயாளர் எங்கே என்று கேட்டால் இன்னும் நோய் வரவில்லை என்று சொல்ல வேண்டும். சமாதானம் என்று பேர் இருக்கிறபடியால் சிரிப்பார்கள். அது இல்லாத நாளில் சிரிக்க மாட்டார்கள். இக்கரையிலோ, எஞ்சின் போட் ஒன்று கரையில் கட்டியிருக்கிறது என்று தெரிந்தால் முதலில் அதைக் கேட்டு வருகிறவர்கள் நோயாளர் அல்ல. யார் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் கண்ணகை எழுத மாட்டாள். எழுதினாலும் நீ அதை ஒன்றியத்தில் போட மாட்டாய். ஆகவே நாங்கள் மூன்று பேரும் ஒத்துக் கொண்ட விசயம் இது ஒன்றுதான்.

மூன்றாவது கடப்பைத் தேடி நான் போகவில்லை. அது தானாகக் கண்ணில் பட்டது. திரும்பி வந்து இறங்கிய அன்றைக்கே வினாயகமூர்த்தி, நம்மை இருபத்தைந்து வருசமாக இக்கரையும் அக்கரையும் ஏற்றி இறக்குகிற அவன், தோணியைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலேயே குந்தியிருந்தான்.

“என்ன வினாயகம், தோணி வெயில் காயுது?”

“கனடாவில இருந்து கப்பல் வருகுதாமே விதானையார். எனக்கு இனி இஞ்ச என்ன வேலை. பனிச்சங்கேணில மகளோட போய் இருக்கப் போறன். கிழிஞ்ச வலை பொத்திக் குடுத்தாலே சோறு கிடைக்கும்.”

“ஆர் சொன்னது கப்பல் எண்டு?”

“உங்கட மகள் வாசிச்சுக் காட்டினாவே, நானும் வாசல் படலைக்க நிண்டனான். நீலமோ வெள்ளையோ எண்டு கேட்டிருக்காங்க. எனக்கு நீலம்தான் விருப்பம். ஆனா என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல.”

தோணியை ஆரையம்பதியில் ஒருவருக்கு விறகு விலைக்குப் பேசி வைத்திருக்கிறானாம். வருகிற கிழமை வந்து எடுப்பார்களாம்.

இப்போது உனக்கு ஒன்று தெரிய வேண்டும். கண்ணகைக்கு இது ஆறாம் மாதம். மாப்பிள்ளை கட்டாரில் வேலையில். மூத்தவளை வயிறு வெட்டித்தான் எடுத்தார்கள், இந்தப் பிள்ளையும் அக்கரை ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும் என்று மருத்துவிச்சி தாளில் சிவப்பால் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாள் மார்கழிக் கடைசி. மார்கழியில் நம்முடைய பாதைக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், பாலத்துக்குப் போகிற தெரு இடுப்பளவு தண்ணீரில் கிடக்கும், உழவு மெசினும் போகாது. வாவியைக் கடக்கத்தான் வேண்டும். உங்கள் போட் எப்போது வரும் என்று தாளில் இல்லை. வினாயகமூர்த்தி எப்போது போவான் என்பது தெரியும், வெள்ளிக்கிழமை. என்னை வைத்து மச்சானை அழப் பண்ண வேண்டாம் அப்பா என்கிறாள். நான் அழப் பண்ணவில்லை, மாடு வந்த கடப்பைக் காட்டுகிறேன் என்று எழுது என்றேன். எழுதியிருப்பாள் என்று நம்புகிறேன், எனக்கு வாசிக்கத் தெரியாது.

இனி வருகிற பகுதியை ஒன்றியத்தில் போட வேண்டாம். உனக்கு மட்டும்.

நீ உன் யோசனையில் முதல் வரியாக எழுதியிருந்தாய், 'ஒரு போட் இருந்திருந்தால் என் அம்மா இன்று உயிரோடு இருந்திருப்பார்.' அந்த வரியைக் கண்ணகை வாசித்தபோது நான் எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி, வெள்ளாமை வெட்டு, மத்தியானம். அன்னம் எங்களுக்குச் சோறு கொண்டு வந்தவள், வரம்பில் புடையன் பாம்பு கடித்தது. பரிகாரியார் பார்த்து விட்டு, இது என் கையில் இல்லை, பாலத்தால் சுற்றிப் போக நேரமில்லை, வாவியால் அக்கரைக்குக் கொண்டு ஓடுங்கள் என்றார். இரண்டு நாள் கழித்து நீ டெலிபோனில் கேட்டபோது நான் சொன்னேன், “போட் இல்லாமப் போச்சு மகன்.” அது பொய். போட் இருந்தது.

அதற்கு முந்தின வருசம் ஒரு நிறுவனம் நமக்கு நீல நிறத்தில் ஒரு போட் தந்தது. துடுப்புப் போடுகிற போட், எஞ்சின் இல்லை. மாலை போட்டு, பந்தல் போட்டு வாங்கினோம். காசில்லாமல் சும்மா ஏற்றி இறக்கும் என்றபடியால் சனம் எல்லாம் அதில் ஏறிற்று, வினாயகமூர்த்தி தன்னுடைய தோணியை இப்போது போலவே கரையில் கவிழ்த்துப் போட்டான். நாலு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு விடியப்புறத்தில் ஒரு பொடியன் அதை எடுத்துப் போய் இறால் பிடிக்கிறான் என்று ஒரு முறைப்பாடு. பொதுச் சொத்தில் இறால் நாற்றம் என்று ஊர்ச் சங்கத்தில் பெரிய சண்டை. விதானை என்ற முறையில் நான் எழும்பி ஒரு தீர்ப்புச் சொன்னேன். மருத மரத்தோடு சங்கிலி போட்டு ஆமைப் பூட்டுப் போடுங்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்குப் பிள்ளையாருக்கு முதுகு காட்டி நின்று 'போட் தேவைப்பட்டது, எடுக்க முடியவில்லை, எதனால்?' என்று நான் கேட்கவில்லை. வேலிக்குப் பதினெட்டு வருசம் கேட்டவன், பூட்டுக்குக் கேட்கவில்லை. பூட்டின் திறப்பைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தோம். அவர்தான் பை வைத்த சட்டை போடுகிறவர். அன்னத்தைத் தூக்கிக் கொண்டு நாங்கள் கரைக்கு ஓடி வந்த நேரம், செயலாளர் சட்டையோடு ஆரையம்பதியில் ஒரு கலியாணத்தில் இருந்தார். அவரில் பிழை இல்லை, கலியாணத்துக்குச் சட்டை போடாமல் போக முடியாது.

நான் மண்வெட்டியால் பூட்டை அடித்தேன். பிறகு கோடரி எடுத்து மரத்தை வெட்டத் தொடங்கினேன். மருத மரம் எத்தனை பேர் கட்டிப் பிடிக்கிற மரம் என்று உனக்குத் தெரியும். வினாயகமூர்த்தி தன் காய்ந்த தோணியைத் தண்ணீரில் இறக்கி அன்னத்தை ஏற்றினான். வெயிலில் நாலு மாதம் வெடித்த பலகை, பொருத்தெல்லாம் தண்ணீர் வந்தது. மூன்று பேர் சோற்றுப் பானையால் அள்ளி ஊற்றிக் கொண்டே போனார்கள். அக்கரைத் தென்னை தெரிகிற தூரத்தில் அவள் போய்விட்டாள். அவன் கரை சேரும் வரைக்கும் வலித்தான். நான் இக்கரையில் மரத்தை வெட்டிக் கொண்டு நின்றேன். அந்த வெட்டு இன்னும் மரத்தில் இருக்கிறது, பட்டை மூடி வருகிறது. போட்டைப் பிறகு ஒருவரும் தொடவில்லை, அடுத்த வெள்ளம் சங்கிலியோடு தண்ணீருக்குள் தாட்டு விட்டது.

இதை எழுதிக் கொண்டிருந்த கண்ணகை இந்த இடத்தில் நிறுத்தி, மாமிக்கு நடந்தது இதுவா என்று என்னைப் பார்த்தாள். அவள் அப்போது வெளியூரில் நின்று படித்தவள், அவளுக்கும் நான் சொன்னது போட் இல்லை என்றுதான், ஊரும் என் முகத்துக்காக அதைத் திருத்தவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், இந்தப் பகுதியையும் நீ ஒன்றியத்தில் போடு. அறுபத்துமூன்று பேரும் வாசிக்கட்டும். இரண்டு புள்ளியும் கோடும் போடுகிறவர்கள் கோட்டை மற்றப் பக்கம் வளைத்துப் போடட்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதலில் சீதேவிப்பிள்ளையைத் தேடிப் பிடித்து, தெரியாமல் ஏசி விட்டோம் என்று சொல்லி, அவளைத் திரும்பக் கூட்டி வா. வந்ததும் நிறத்தையும் பெயரையும் ஒரு பக்கத்தில் வைத்து விட்டு, ஒரு நாள் எல்லாருமாக, போட் வந்து ஆறு மாதம், ஓடவில்லை, எதனால் என்று எழுதுங்கள். ஒருவரும் ஒருவரோடும் கோபிக்க வேண்டாம், அது கோயிலுக்கு வெளியே நடக்கிற கூட்டம். ஒவ்வொரு கடப்புக்கும் இங்கே கரையில் இருக்கிற ஓர் ஆளின் பெயர் விழ வேண்டும், வெளிநாட்டில் இருக்கிற ஆளின் பெயர் அல்ல. அது விழும் வரைக்கும் ஒருவரும் ஒன்றும் வாங்க வேண்டாம். ஆளைக் கேட்காமல் பொருளை வாங்குகிறவனைப் போல் ஊருக்குத் தீங்கு செய்கிறவன் வேறு இல்லை, நீலப் போட்டுக்கு மாலை போட்ட கையால் சொல்கிறேன். அதற்கு முதல் வினாயகமூர்த்திக்கு, உன்னுடைய தோணி இன்னும் வேண்டும், போக வேண்டாம் என்று நீ உன் கைப்பட ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் கேட்கிறான் இல்லை. கனடாவில் இருந்து வந்தால் கேட்பான், வெள்ளிக்கிழமை போய்விட்டாலும் திரும்பி வருவான்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசியைச் சொல். பிள்ளைகள் தமிழ் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் வாசிக்கத் தெரியாது, ஞாபகம் வைத்துக் கொள்ளப் பழக்கு. உன் வேலையில் உனக்கு மேலே இருக்கிறவர்கள் நல்ல மனதோடு இருக்கவும், கீழே இருக்கிறவர்கள் சொன்னதைக் கேட்கவும், உன் வாசலில் பனி அளவோடு விழவும் பிள்ளையாரை வேண்டிக் கொள்கிறேன். அவருக்கு முகத்தைக் காட்டி நின்றுதான் வேண்டினேன்.

இப்படிக்கு,
உன் மாமன்
க. இளையதம்பி
(பெருவிரல் அடையாளம்)

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் போடுவதற்கு ஆள் இல்லாமல் ஐந்து நாள் கூரைக்குள் செருகிக் கிடந்தது. அதற்குள் நடந்ததைச் சொல்லாமல் அனுப்பினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

வியாழக்கிழமை பின்னேரம் ஆரையம்பதி ஆட்கள் நாளைக்குத் தோணி எடுக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கண்ணகை முற்றத்தில் இடுப்பைப் பிடித்துக் கொண்டு எழும்பினாள். அவ்வளவுதான், எனக்கு ஒரு கூட்டமும் ஞாபகத்துக்கு வரவில்லை. வெள்ளை நாகு கன்றை அவிழ்த்துக் கொண்டு போய் வினாயகமூர்த்தியின் கையில் கயிற்றைக் கொடுத்து, தோணியை எனக்குத் தா என்றேன். அவன் சந்தோசமாகத் தந்தான். அடுத்த நாள் விடிய நாகு கன்றையும் ஓட்டிக் கொண்டு பனிச்சங்கேணிக்கு நடந்தே போய்விட்டான். தோணி என்னிடம், தோணி வலிக்கத் தெரிந்தவன் பனிச்சங்கேணியில். நான் வட்டைக்காரன், தண்ணீரை வயலுக்குத் திறந்து விடத் தெரியும், அதன் மேலே போகத் தெரியாது. இரண்டு பேரைக் கொண்டு தோணியை நீரில் இறக்கி, துடுப்பைப் போட்டுப் பார்த்தேன். அது நின்ற இடத்திலேயே மூன்று தரம் சுற்றிற்று. உடுப்புத் தோய்த்துக் கொண்டு நின்ற பெண்டுகள், “விதானையார், உழுறீங்களோ?” என்று கேட்டார்கள். ஆகையால் ஒன்றும் வாங்க வேண்டாம் என்று மேலே நான் சொன்ன இடத்தில் என்னைச் சேர்க்காமல் வாசிக்கவும்.

அதைக் கயிற்றால் மட்டும் மருத மரத்தில் கட்டினேன். பூட்டுப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் முடிச்சு வேறு முடிச்சு. பொருத்துகளில் புதிதாகத் தார் பூசிக் கிடந்தது. தோணியின் முன்பக்க அணியத்தில் பூவரசம் இலையில் சுற்றி ஒரு கறிக்குக் காணுமளவு இறால். முந்தி நீலப் போட்டில் விடியக் கிடந்த அதே முடிச்சு, பார்த்ததும் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்து விட்டது. தொண்ணூற்றைந்தில் எந்தப் பொடியனுக்குப் பயந்து பூட்டுப் போடச் சொன்னேனோ, அவன். சாமித்தம்பி. இப்போது அவனுக்கு முப்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளை. வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் இறால் கூடையைப் பின்னால் தள்ளினான்.

“ஒளிக்காத, தம்பி. அண்டைக்குப் பூட்டுப் போட்டது உனக்குப் பயந்துதான்.”

“தெரியும் விதானையார்.”

“மார்கழிக் கடைசியில கண்ணகைய அக்கரைக்குக் கொண்டு போகோணும். உன்னால ஏலுமா?”

அவன் நிலத்தைப் பார்த்துக் கொண்டு நின்றான். “அண்டைக்கு அன்னம் மாமியத் தூக்கிக் கொண்டு வரக்க நானும் கரையிலதான் நிண்டன். திறப்பு இருந்திருந்தா கால் மணித்தியாலம். நீங்க மரத்த வெட்டக்க எனக்குக் கிட்ட வரப் பயம்.”

எட்டு வருசமாக அந்தக் கரையில் அப்படி ஓர் ஆள் நின்றிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, மருமகன். என் ஞாபகத்தில் அவன் இல்லை.

இனி இறால் அவனுக்கு, தோணி ஊருக்கு என்று பேசியிருக்கிறோம். கார்த்திகையிலிருந்து மருத மரத்தடியில் சின்னக் குடிலாக வாடி போட்டுக் கரையிலேயே படுப்பான். எண்ணெய்க்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை, உசனாரின் கால் வரும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. சீதேவிப்பிள்ளையிடம் மட்டும் கட்டாயம் மன்னிப்புக் கேள். அவள் கேட்ட இரண்டு கேள்வியில் ஒன்றுக்குத்தான் இப்போது பெயர் விழுந்திருக்கிறது, மற்றதைத் தேவையில்லாமல் செய்து விட்டோம்.

தோணிக்கு நிறம் பூசவில்லை. பெயரை மட்டும் கண்ணகை இரண்டு பக்கமும் அடுப்புக்கரியால் எழுதி விட்டாள், அன்னப்பூரணி என்று. ஒரு மழைக்கு நிற்காது என்று நான் சொன்னேன். அழிந்தால் கரி கொண்டு வந்து தந்து விடுங்கள், நான் பார்த்து எழுதுகிறேன் என்று சாமித்தம்பி சொன்னான். அவனுக்கு எழுத்துத் தெரியும்.